கம்பெனி ஏசி

ஆக்லாந்து வந்த பிறகு நான் ஒரே ஒரு ஆளைத்தான் அடித்திருக்கிறேன். அதுவும் ஒரே ஓர் அடி. டாமி ராடு என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கம்பி, இறுகிப்போன நட்டைத் திருப்ப ஸ்பேனரில் செருகுவது, முழங்கை நீளம் இருக்கும். அது அந்த மனிதரின் வலது முன்கையில் விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். அவர் போட்ட சத்தம்தான் பெரிது. பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடி வந்தது அதைக் கேட்டுத்தான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த அடிக்காக எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. வருத்தம் வேறொன்றுக்காக. அது அடிக்கு முன்னால் நடந்தது.

அப்போது இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க எங்கள் ரெசிடென்ஸ் விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் கணவர் படித்தது கம்ப்யூட்டர், ஆனால் வேலை கிடைத்தது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில். மெக்கானிக்குக்குத்தான் இங்கே தட்டுப்பாடு. அதனால் அவரும் மகளும் என் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அந்த விசாவோ ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் நான் வேலை பார்த்த கார் ஒர்க்ஷாப்போடு முடிச்சுப் போட்டது. வேறு எங்கும் போய் ஒரு திருகுகூடத் திருக முடியாது. விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி உண்டு. ஒரே ஒரு போலீஸ் வழக்கு போதும், மூன்று பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது கணவர் அதே வரியைச் சொல்வார். "கொஞ்ச நாளைக்குக் கையக் கட்டிட்டு இரு கண்ணு. தபால் வந்ததுக்கு அப்புறம் யார வேணாலும் அடிச்சுக்கோ."

அவர் பயந்ததில் தப்பில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது. ஆறாம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து ஜடையை இழுத்தவன் காதில் காம்பஸ் முள்ளால் குத்தினேன். கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் நாங்கள் மூன்றே பெண்கள். லேத் மிஷின் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் இடுப்பில் கை வைத்த லேப் உதவியாளரிடம், "கைய எடுங்க, இல்லீன்னா ஒடைச்சுப் போடுவனுங்க" என்றேன். எங்கள் ஊரில் சண்டையிலும் மரியாதை குறையாது. அவர் சிரித்தார். நடுவிரலைப் பின்பக்கமாக மடக்கினேன். இரண்டு வாரம் கட்டோடு வந்தார், யாரிடமும் காரணம் சொல்லவில்லை. இங்கே வந்த முதல் வருடம், குக்கர் மூடியை எறிந்ததில் வாடகை வீட்டு ஜன்னல் போனது. எறிந்தது கணவரைப் பார்த்துத்தான். அவர் குனிந்துவிட்டார். மகள் கதவோரம் நின்று இங்கிலீஷில், அம்மா ப்ளீஸ், என்றாள். அவள் தமிழில் கெஞ்சியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அன்றைக்குச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு வீட்டில் எதையும் எறிந்ததில்லை.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். சண்டை நடந்த காலத்தில் அங்கிருந்து வந்தவர், இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதல் வாரமே அவரிடம் ஒரு கூத்து. "கஸ்டமருக்குப் பேசாதையும், பிள்ளை" என்றார். சரி, முதலாளி சொல்லிவிட்டார் என்று மூன்று நாள் வாயே திறக்கவில்லை. வந்தவர்கள் ஹலோ சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினேன். நாலாம் நாள் அவரே கவலையாக வந்து, ஏதும் சுகமில்லையோ என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. பேசுவதற்குக் கதைக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். ஒரே சொல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அண்ணாவுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பணம் கொடுக்காமல் கத்துகிறவன், வண்டியை நாமே கெடுத்தோம் என்று சண்டைக்கு நிற்கிறவன், எவன் வந்தாலும் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். ஓம் என்றால் அவர்கள் பேச்சில் ஆமாம். கத்தியவன் களைத்துப்போய்ப் போய்விடுவான். நான் உள்ளே நின்று பல்லைக் கடிப்பேன். இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஏசி வேலை எப்படிச் செய்கிறேன் என்று அவர் என்னைக் கிண்டல் செய்வார். உண்மையில் இந்த வேலையும் லேசுப்பட்டதில்லை. குழாய்க்குள் கேஸ் அடைபட்டு நிற்கும். அவசரப்பட்டு இணைப்பைக் கழற்றினால் பாய்ந்து வந்து கையில் அடிக்கும். குளிர்தான், ஆனால் கொதிக்கிற எண்ணெய் பட்டமாதிரி தோல் வெந்துபோகும். என் இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஓடுகிற பெல்ட்டில் துணி மாட்டி, துணியோடு விரல் போன ஒருவர் எங்கள் வரிசையிலேயே நாலு கடை தள்ளி இருக்கிறார்.

அண்ணாவுக்கு உலகத்தில் ஆசையாக இருந்தது ஒரே ஒரு பொருள், எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த ஓர் அமெரிக்க பிக்கப். இடது பக்கம் ஸ்டியரிங், பாசிப்பயறு நிறம், முன்பக்கம் மட்டும் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை அகலம் இருக்கும். மாசி என்கிற புறநகரில் ஒரு கிழவரின் ஷெட்டில் கோழிகள் அடைந்து கிடந்த வண்டியை வாங்கிவந்து, ஆறு வருடம் சனிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து உயிர் கொடுத்தார். கடைசியில் ஏசி ஒன்றுதான் மிச்சம். அதை என்னிடம் விட்டார்.

இந்தப் பழைய பிக்கப்புகளில் ஏசி இரண்டு விதம். ஒன்று, வண்டி செய்யும்போதே ஃபேக்டரியில் வைத்தது. எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருக்கும். அந்தச் சுவரிலேயே ஏசிக்கு அச்சில் வைத்துத் துளை போட்டிருப்பார்கள், விளிம்பு மழமழவென்று மடங்கியிருக்கும். காற்று வரும் வாய்கள் டேஷ்போர்டிலேயே இருக்கும். இன்னொன்று, ஏசி இல்லாமல் வந்த வண்டிக்கு, விற்கிற டீலர் தன் கடையில் மாட்டிக் கொடுத்தது. தகரச் சுவரை ரம்பத்தால் அறுத்து, குழாயை நுழைத்து, ஒரு பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே முழங்கால் இடிக்கிறமாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டுமே வண்டி புதிதாக இருந்தபோது வந்ததுதான். என்னைக் கேட்டால் கீழே தொங்குவதுதான் நன்றாகக் குளிரும். ஆனால் பழைய வண்டி சேர்க்கிற பைத்தியங்களுக்கு ஃபேக்டரி ஏசி என்றால்தான் மதிப்பு. மற்றதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் பெட்டியைக் கழற்றி, சுவரில் இருந்த துளையின் விளிம்பில் விரலை ஓட்டினேன். ரம்பப் பல் போன இடம் அப்படியே இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எவனோ அறுத்த தகரம் என் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே, "டீலர் போட்டதுங்ண்ணா" என்றேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார், வருத்தப்படவில்லை. வாங்க வருகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். விற்கப் போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கிளட்ச் அவ்வளவு கனம். அந்த இடது காலால் ஒரு சிக்னல்வரைகூட அழுத்திப் பிடிக்க முடியவில்லையாம். ஆறு வருடம் வேலை செய்து முடித்த வண்டியை அவரால் ஓட்ட முடியவில்லை.

பெட்டிக்குப் புது மோட்டார் போட்டேன், புது கம்ப்ரசர், புது ரப்பர் குழாய்கள், இப்போதைய கேஸ். ஸ்விட்சைப் போட்டதும் பனிப்புகை வந்தது. அண்ணா பக்கத்து சீட்டில் ஏறி, சறத்தை, நம்ம ஊர்க் கைலியை, போட்டுக்கொண்டு வீட்டில் உட்காருகிற நிம்மதியோடு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

வாங்க வந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர். தெற்கு ஆக்லாந்தில் பாபடோயிட்டோயில் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது, மீசையை முறுக்காமல் பேச மாட்டார். கூடவே மச்சினன் ஒருவன். கடைவாசலில் நிறுத்தவும், ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக்காரர்கள் கூடும் மைதானத்துக்குக் கொண்டுபோகவும் ஒரு பிக்கப் வேண்டுமாம். வண்டியைச் சுற்றி வந்தார். மெக்கானிக் யார் என்றார். அண்ணா என்னைக் காட்டினார். நான் முழங்கைவரை கிரீஸோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மச்சினனைப் பார்த்தார். "வீட்டு ஃப்ரிட்ஜ் தொடைக்கிற பொண்ணு போல" என்றார். மச்சினன் சிரித்தான்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன். கணவர் சொன்ன வரி காதில் ஓடியது.

பிறகு அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அதையே கேப்போம். ஏம்மா, இது கம்பெனி ஏசிதான?" என்றார்.

"ஆமாங்க. கம்பெனி ஏசிதானுங்க."

பக்கத்தில் நின்ற அண்ணா, "ஓம், ஓம்" என்றார்.

எங்கள் ஊரில் வண்டியைக் கம்பெனிக்கு சர்வீஸ் விட்டிருக்கிறேன் என்றால் ஷோரூமில் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஷோரூமில் சீட் கவர் போட்டால் அது கம்பெனி கவர், பாட்டுப் பெட்டி மாட்டினால் அது கம்பெனி செட். டீலர் மாட்டிய ஏசியைக் கம்பெனி ஏசி என்று சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. அண்ணாவுக்கோ கம்பனி என்றால் ஏதோ ஒரு வியாபாரம், டீலரும் கம்பனிதான். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கு மட்டும் கம்பெனி என்றால் வண்டி செய்த ஃபேக்டரி. மூன்று தமிழர்கள் ஒரு வண்டிக்கு முன்னால் நின்று ஒரே சொல்லை மூன்று விதமாகக் கேட்டோம். வேறு எந்த மொழிக்காரர்களுக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு வண்டியை வாங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரியில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் ஒரு மத்தியானம், அந்த பிக்கப் ஒர்க்ஷாப் வாசலில் வந்து கிரீச்சென்று நின்றது. வந்த வேகத்தில் என் கேஸ் சிலிண்டர் டிராலியை இடித்துத் தள்ளியது. அவரும் மச்சினனும் இறங்கினார்கள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஏசிப் பெட்டியை வெளியே இழுத்து எறிந்தார். அதை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள். ஸ்குரூ கழற்றவில்லை, பட்டையோடு பிய்த்திருந்தார்கள். குழாய் கிழிந்து, கேஸெல்லாம் போய், குடல் தொங்குகிற ஆடுமாதிரி அது சிமெண்டுத் தரையில் கிடந்தது. என்ன நடந்தது என்று அவர் கத்தியதிலிருந்து புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஃபேக்டரி ஏசி, ஃபேக்டரி ஏசி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். கூட்டமே வந்து குனிந்து பார்த்துச் சிரித்திருக்கிறது. அதில் மீசைக்காரரின் சொந்த மகனும் இருந்திருக்கிறான்.

அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், காசைத் தருகிறேன் என்றுதான் சொல்ல ஆரம்பித்தார். மீசைக்காரர் முடிக்க விடவில்லை. அகதி என்ற சொல்லோடு ஒரு நாயையும் சேர்த்துச் சொல்லி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அண்ணாவின் கண்ணாடி பறந்துபோய் வண்டிக்கடியில் விழுந்தது.

கண்ணாடி விழுவதற்குள் அண்ணா கீழே இருந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு முழங்கைகளாலும் காதை மூடி, அந்த இடது காலை உடம்புக்கு அடியில் இழுத்து ஒளித்துக்கொண்டு, ஒரு பந்தாகிவிட்டார். அந்த வேகம் யோசித்து வராது. அடுத்த அடி எங்கே விழும், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வாய் மட்டும், மெல்ல, "ஓம், ஓம், ஓம்" என்றது.

ஐந்து வருடமாக நான் எரிச்சலோடு கேட்ட ஓம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அறைந்தவரே ஒரு நொடி பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் மறுபடி கையை ஓங்கினார். டாமி ராடு என் கையில் எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. ரெசிடென்ஸ், கணவர், மகள், குக்கர் மூடி, சத்தியம், ஒன்றுகூட நினைவில் இல்லை. ஓங்கிய கையின் மேல் இறக்கினேன். முருங்கைக் குச்சி ஒடிந்தது. அவர் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். மச்சினன் ஓரடி முன்னால் வைத்தான். "வாங்க" என்றேன். அவன் வரவில்லை.

மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். அதையும் மறைக்க வேண்டியதில்லை. டயர் கடைக்காரர்களில் ஒருவர், பெரிய உடம்புக்காரர், என் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியை மெதுவாக வாங்கி, எங்கள் டூல் டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலத் தன் கடைக்குப் போய்விட்டார்.

போலீஸ் கால்மணி நேரத்தில் வந்தது. இரண்டு பேர், ஒருவர் பெண். அந்தப் பெண் போலீஸ் கேட்ட முதல் கேள்வி, யார் அடித்தது என்பது. நான் முடிந்துபோனேன் என்று நினைத்தேன். மூன்று பேரும் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறோம், மகள் ஜன்னல் பக்கம், அதுவரை தெரிந்தது. மச்சினன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். அதற்குள் அந்த மீசைக்காரர் ஒடியாத இடது கையை நீட்டி அண்ணாவைக் காட்டினார்.

அவ்வளவு வலியிலும், ஒரு பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுவும் ஃப்ரிட்ஜ் தொடைக்கிற பொண்ணிடம். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அண்ணாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். கண்ணாடி இல்லாமல், கன்னத்தில் நாலு விரல் தடத்தோடு, அவர் அந்த விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போலீஸிடம் திரும்பி, ஆமாம், நான்தான் அடித்தேன் என்றார். பிறகு என்னிடம், எதை வைத்து அடித்தார், நீ பார்த்தாயா என்று அந்தப் பெண் கேட்டார். நான் உள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன். மகள் கெஞ்சுகிற மொழியில்.

அவரை வண்டியில் ஏறச் சொன்னார்கள். யாரும் தள்ளவில்லை, மரியாதையாகத்தான் கதவைத் திறந்து பிடித்தார்கள். ஆனால் சீருடை போட்டவர்களின் வண்டியில் ஏற வேண்டும் என்றதும் அந்த இடது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்துகொண்டார். அவர் எத்தனை வருடம் முன்னால் இப்படி ஏறினாரோ எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஏறியது எனக்காக. நான் வாசலில் நின்றேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன். போலீஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் மகளின் அறைக் கதவைப் பார்த்தார். அண்ணாவுக்குக் குடியுரிமை இருக்கிறது, அவரை யாரும் எங்கும் அனுப்ப முடியாது, நம்மை அனுப்புவார்கள் என்றார். சரியான கணக்குத்தான். எனக்கும் அந்தக் கணக்கு பிடித்திருந்தது. போய்ச் சொல்கிறேன் என்று சொன்னதே, வேண்டாம் என்று யாராவது சொல்வதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

முதல் தடவை என்பதாலும், முதலில் அறைந்தது மற்றவர் என்பதாலும், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று அண்ணாவிடம் சொன்னார்கள். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், எழுத வராது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். உங்கள் கையை உடைத்ததற்கு வருந்துகிறேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனி இப்படி நடக்காது. நான் செய்ததற்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதினேன், அடியில் அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா ஆடியது. அந்த நாளுக்குப் பிறகு அவர் கையில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. சின்ன நட்டுகளை மரையில் ஏற்ற முடியவில்லை. நான் போய்ப் பிடித்து ஏற்றிக் கொடுப்பேன். அந்தப் பகலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

ஏப்ரல் கடைசியில், வேலை நேரத்தில், ரெசிடென்ஸ் வந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. கணவர் போன் செய்து அழுதார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பக்கத்து டெய்ரியில், இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர், ஒரு சாக்லேட் கேக் வாங்கிவந்து, ஸ்பேனர்களைத் தள்ளிவிட்டு பெஞ்சின் மேல் வைத்து, வெட்டினார். எனக்கு ஒரு துண்டு, மகளுக்கு ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இனி ஒருத்தராலயும் உம்மை அனுப்பேலாது, பிள்ளை. வேற எங்கை எண்டாலும் வேலை செய்யலாம், என்ன?"

ஆமாங்ண்ணா என்றேன்.

"அப்ப இப்ப கேக்கிறன். கம்பனி ஏசி எண்டு நீர் தெரிஞ்சுதானோ சொன்னனீர்?"

இரண்டு மாதம் அவர் இதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். என் பதில் என்னவாக இருந்தாலும் அதனால் என் விசாவுக்கு ஒன்றும் ஆகாத நாள் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

மேலே நான் எழுதியதெல்லாம் உண்மைதான், ஷோரூம், சீட் கவர், பாட்டுப் பெட்டி. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. என் அம்மா திருப்பூரில் இருபது வருடம் தினமும் கம்பெனிக்குப் போனார். அது பனியன் தைக்கிற ஃபேக்டரி. கம்பெனி என்றால் ஃபேக்டரி என்பது எனக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும். அண்ணாவிடம் சொல்லும்போது டீலர் என்ற சொல் தானாக வந்தது. மீசைக்காரர் கேட்டபோதும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் அல்லவா, அடிக்க வேறு வழி இல்லை. கம்பெனி என்றதும் அவர் கண் விரிந்ததைப் பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று விளக்கிச் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. எங்காவது நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும் என்று விட்டுவிட்டேன். நினைத்தபடியே நடந்தது.

"தெரிஞ்சுதானுங்ண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஓம் என்று சொல்லவில்லை. கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார், சவரம் செய்தது சரியா என்று பார்க்கிறமாதிரி.

"அப்ப அண்டைக்கு எனக்கு விழுந்த அடி உம்மட அடி."

நான் தலையைக் குனிந்தேன். அவர் எழுந்து ஓர் அறை விட்டால் நன்றாக இருக்கும் என்று நிஜமாகவே விரும்பினேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"கை உடைச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அது எனக்காக உடைச்சனீர். மற்றது எனக்குத் தெரியாம செய்தனீர்." குரல் உயரவே இல்லை. "நாளைக்கு நீர் வர வேண்டாம், பிள்ளை."

கேஸ் அளக்கிற என் கேஜ், என் ஸ்பேனர்கள், டிராயருக்குள் கிடந்த டாமி ராடு, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினேன். பெட்டி நல்ல கனம், இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பக்கத்தைப் பிடித்து நான் தூக்கப் போனபோது, அவர் வந்து மறு பக்கத்தைப் பிடித்தார். வேண்டாங்ண்ணா, கால் வலிக்கும் என்றேன். காதில் வாங்கவில்லை. என் கார்வரை காலை இழுத்து இழுத்து என்னோடு நடந்து வந்து, பெட்டியை டிக்கியில் வைத்து, நசுங்காமல் இருக்க அதன் மேல் மகளுக்கான கேக்கை வைத்து, டிக்கியை மூடிவிட்டு உள்ளே போனார்.